ராஜாவுக்கு ஒரு ஆள், டெய்ஸிக்கு ஊர் முழுக்க

மீன்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். சாளை பழசு, கண் சிவந்து கிடக்கிறது. அவனோ விடியக்காலையில் இறக்கியது என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணுகிறான். அந்த நேரத்தில்தான் பேத்தி போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். அம்பிட்டிய மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் பேசினார். "பார்வதி அம்மா, ஞானமணி மிஸி விடியப்புறம் நித்திரையிலயே போயிட்டா. முதல்ல உங்களுக்குச் சொல்லச் சொல்லி வச்சிருந்தவ."

நான் அழவில்லை. மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம். பேசி முடிக்க வேண்டியதைப் பேசாமலே போய்விட்டாரே என்ற கோபம். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு மிஸியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதித் தாருங்கள் என்று மடத்தில் கேட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் எனக்கு மறதி என்ற ஒன்று கிடையாது. உங்களுக்கு எல்லாம் அவர் நாய் வளர்த்த நல்ல மனுசி. எனக்கு அவர் யார் என்பதை என் தம்பி சந்திரனைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

தமிழர் கடைகளை எரித்த கலவரம் நடந்த வருடம் சந்திரன் கண்டி டவுனில் ஒரு தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகாத பையன். கடைக்குத் தீ வைத்தபோது கண்ணாடி அலுமாரி வெடித்து முகத்தில் அடித்தது. தீ வைத்த கூட்டத்தில் இரண்டு கடை தள்ளிக் கடை வைத்திருந்தவனும் நின்றான். இப்போது அவனுடைய மகன் அதே தெருவில் பெரிய கடை நடத்துகிறான். அங்கே நான் இன்றுவரை ஒரு ஊசி வாங்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் முகம் முழுக்கக் கட்டோடு கிடந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கட்டு அவிழ்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். டாக்டர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு பேசினார். ஞானமணி மிஸி அந்த வார்டில் தாதி. யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். கட்டில் ஓரத்தில் வந்து நின்று நேராகச் சொன்னார்: "தம்பி, நான் பொய் சொல்ல மாட்டன். ரெண்டு கண்ணும் போயிட்டுது. காது நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு. உதுகளை வச்சுக்கொண்டு என்ன செய்யலாம் எண்டு பிறகு பாப்பம்."

"நாசமாப் போறவளே, வாயைக் கழுவு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மிஸி மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சந்திரன்தான் என் கையைத் தடவிப் பிடித்தான். "விடுக்கா. இவங்க ஒருத்தங்கதான் என்கிட்ட பேசுனாங்க. மத்தவங்க எல்லாம் என் கட்டுகிட்ட பேசிட்டுப் போறாங்க."

வீட்டுக்கு வந்த பிறகு பிரம்புக் கதிரைக்கு இருக்கை பின்னப் பழகினான். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தளபாடக் கடையில் வேலையும் கிடைத்தது. ஆனால் எங்கள் வீடு இருக்கும் மஹய்யாவ மேட்டிலிருந்து அங்கே போக ஒரு தோள் வேண்டும். என் தோள், இல்லாவிட்டால் என் மகளின் தோள். அவள் வளர்ந்த பிள்ளை. சந்தியில் நிற்கும் பொடியன்கள், "அந்தா, மாமாவும் மருமகளும் ரயில் ஓட்டுறாங்க, கொடி காட்டுங்கடா" என்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் தகப்பன் பெயரும் எனக்குத் தெரியும். ஒருநாள் சந்திரன் சாப்பிடாமல் சோற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். "அக்கா, சோறு போடுற, துணி துவைக்கிற, எல்லாம் சரி. ஒருநாளாவது நான் உன்கிட்ட சொல்லாம வெளிய போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இதை மிஸியிடம் யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையும் கையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். லண்டனில் சில வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே கண் தெரியாதவர்களை நடத்திக்கொண்டு போக நாய் பழக்குகிற இடம் ஒன்றுக்கு லீவு நாட்களில் போய் நின்று பார்ப்பாராம். "இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை. நான் ஒருநாளும் தனியப் பழக்கினதும் இல்லை. பிழைச்சாலும் பிழைக்கும். சம்மதமோ?" என்று சந்திரனைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

கலகெதரப் பக்கம் ஒரு பங்களாக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது விட்டுச்சென்ற இளம் கறுப்பு நாய் ஒன்றை மிஸி கொண்டுவந்தார். அதன் பெயர் டைகர். "மிஸி, டைகர்னா எங்க இருந்தாலும் ஓடி வர்றான்!" என்று சந்திரனுக்குச் சந்தோசம். மிஸி சொன்னார்: "ஓம், வருவான். அவனுக்குப் பின்னால ஆமி ஜீப்பும் வரும். தமிழன் ஒருத்தன் ஆமிச் சென்றிக்கு முன்னால நிண்டு டைகர், டைகர் எண்டு கூப்பிட்டால் உம்மையும் நாயையும் ஒரே ட்ரக்கில ஏத்துவாங்கள்." அன்றிலிருந்து அவன் ராஜா.

மிஸி படம் கீறிக் கொடுக்க, டவுனில் பை தைக்கும் காசிம் நானா அவனுக்குத் தோல் பட்டியும் கைப்பிடியும் தைத்தார். நாயைத் தொட மாட்டார். அளவு நாடாவை மிஸியிடம் கொடுத்துவிட்டு எட்ட நிற்பார். "எங்கட அப்பா குதிரைக்கிச் சேணம் தச்ச மனிசன். நான் நாய்க்கித் தைக்கிறன். பரம்பர நல்லாத்தான் எறங்குது மிஸி" என்று சிரிப்பார். தைத்தது மட்டும் கல் மாதிரி இருந்தது.

மிஸியின் அம்பிட்டிய வீட்டில் ஏற்கெனவே டெய்ஸி என்று வெள்ளையும் பருமனுமாய் ஒரு நாய் இருந்தது. பழக்கம் நடந்த மாதங்களில் ராஜா படுத்திய பாட்டைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. "ஏன் மிஸி இந்தக் கறுப்பனோட மல்லுக்கட்டுறீங்க? டெய்ஸி சாதுவா இருக்கே, அதைக் குடுங்களேன்" என்றேன்.

"டெய்ஸி சாதுதான். ஆர் கூப்பிட்டாலும் போவாள். நடு ரோட்டில சந்திரனை விட்டிட்டு ஐஸ்பழக்காரனிட்டயும் போவாள். பார்வதி, ராஜாவுக்கு ஒரு ஆள். டெய்ஸிக்கு ஊர் முழுக்க ஆள். பட்டி போட்டிருக்கேக்க இவனை ஒருத்தரும் தொடக் கூடாது. அவளைத் தொடாட்டில் அவள் இருந்து பிரயோசனமில்லை."

எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு இது ஏறவில்லை. சந்திரன் வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் வாரமே கறுப்பு நாய் வைரவர் வாகனம் என்று பேச்சுப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை வடை தட்டி எடுத்துக்கொண்டு பாதையில் காத்து நிற்கிறார்கள். ராஜா வடை மணம் பிடித்து வீட்டுக்கு வீடு திரும்பினான். ஒரு வாசலில் சந்திரன் சாக்கடைக்குள் காலை விட்டு முழங்கால் சிராய்த்துக்கொண்டான். செய்தி போய் மிஸி வந்தார். வடைத் தட்டோடு நின்ற மாரியாயி கிழவி விடவில்லை.

"வைரவருக்குப் போடாதேன்னு சொல்ல இவ யாரு? வேதக்காரிக்கு என்ன தெரியும்?"

"ஓம் ஆச்சி, நான் வேதக்காரிதான். எனக்கு வைரவரைத் தெரியாது. லொறியைத் தெரியும். உங்கட வடையைத் திண்டுகொண்டு இவன் ரோட்டுக்கு நடுவில நிண்டால் லொறி வைரவருக்கெண்டு பிறேக் பிடிக்குமோ?"

"அப்ப சாமிக்கு என்னதான்டி செய்யறது?"

"கும்பிடுங்கோ. கையைக் கட்டிக்கொண்டு, தூர நிண்டு, வாயைத் திறக்காமல் கும்பிடுங்கோ."

அப்படியே செய்தார்கள். காலையில் சந்திரனும் ராஜாவும் இறங்கும்போது இரண்டு பக்கமும் பெண்கள் சத்தமில்லாமல் கைகூப்பி நிற்பார்கள். யாரோ அவனிடம் அதைச் சொல்லிவிட்டார்கள். "அக்கா, நான் வேலைக்குப் போறேனா, இல்ல தேர் வருதா?" என்று சிரித்தான். கண் போன பிறகு அவன் அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

இனித் தனியாகப் போகலாம் என்று மிஸி சொன்ன பிறகும் எனக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்ச நாள் நான் எட்ட நடந்துகொண்டு பின்னாலேயே போனேன். ஒருநாள் காலை தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் கூப்பிட்டால் ஆள் இல்லை. ஆணியில் பட்டியும் இல்லை. சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினேன். மேட்டு வளைவில் ஒரு கை என்னைப் பிடித்து நிறுத்தியது. மிஸி. அவரும் ஒளிந்து பார்க்கத்தான் வந்திருந்தார். "ஓடாதேயும். அவன் உமக்குச் சொல்லாமல் போறான். விடும்." கீழே அவர்கள் இரண்டு பேரும் பெரிய வீதி ஓரத்தில் நின்றார்கள். ராஜா நின்றான், சந்திரன் காது கொடுத்தான், பிறகு கடந்தார்கள். தோள் நிமிர்ந்து, தலை நிமிர்ந்து, அவசரமில்லாமல். அவன் மறையும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்று பார்த்தோம்.

நல்ல காலம் என்று சொல்ல அது ஒன்றுதான் எங்கள் வீட்டில். அதுவும் சும்மா வரவில்லை. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்று ஒரு கண்டக்டர் மறித்தபோது மிஸி வாசல்படியில் ஏறி நின்று சிங்களத்தில் அவனைக் கிழித்தார். வீட்டுக்கு வந்து எனக்குத் தமிழில் சொன்னார்: "ராஜாவை மறிச்சால் சந்திரனை மறிச்ச மாதிரி. அவன் போற இடமெல்லாம் இவனும் போவான். டெய்ஸிக்கு அப்பிடி இல்லை. அவள் விருந்தாளி. கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போகலாம்." சென்றியில் காவலுக்கு இருந்த ஆமிப் பொடியன்கள் பட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தையலைக் குத்திப் பார்ப்பார்கள். சந்திரன் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பான். ராஜா அசைய மாட்டான்.

டெய்ஸியை அழைத்த இடம் அம்பிட்டிய மடத்தின் இல்லம். வடக்கிலும் கிழக்கிலும் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். நான் அங்கே கூட்டித் துடைக்கப் போவேன். ஒரு தாய், பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. டெய்ஸி போய் அவள் பாதத்தின் மேல் வயிற்றைப் போட்டுப் படுக்கும். மணிக்கணக்காக அப்படியே கிடக்கும். ஒருநாள் அவள் குனிந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டு, "பாரம்" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்து மிஸி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "டெய்ஸிக்கு ஒரு வேலையும் தெரியாது பார்வதி. பக்கத்தில கிடக்கத் தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது" என்றார்.

நகரத்தில் குண்டு வெடித்த அன்று காலை சந்திரனும் ராஜாவும் வழியில் இருந்தார்கள். இருந்த இடத்துக்கும் வெடித்த இடத்துக்கும் தூரம் இருந்தது. ஆனால் கண்ணாடியெல்லாம் கொட்டியது. அந்தச் சத்தத்தையும் அந்தக் கண்ணாடியையும் சந்திரன் இரண்டாம் தடவையாகக் கேட்டான். ராஜா அவனைச் சுவரோடு சுவராக அழுத்திக்கொண்டு நின்றதாம். ஜனம் ஓடி முடிந்த பிறகு, பழகாத சந்துகளுக்குள்ளால் அவனை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் விட்டது. விட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தது. அன்று எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. பழையபடி கடைகளை எரிப்பார்கள் என்று எல்லோருக்கும் பயம். பஸ் நின்றுவிட்டது. மிஸி அம்பிட்டியவிலிருந்து நடந்தே வந்தார்.

அதற்குப் பிறகு ராஜா பட்டியைக் கண்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனான். மிஸி வாரக்கணக்காக வந்தார். சோறு ஊட்டிப் பார்த்தார், பட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தார், வாசல்வரைக்கும் மட்டும் கூப்பிட்டுப் பார்த்தார். வாசலைத் தாண்ட மாட்டான். ஒருநாள் மிஸி எழுந்து கையைத் துடைத்தார். "முடிஞ்சுது. நான் இவனைக் கொண்டு போறன்."

"இங்கயே கெடக்கட்டும் மிஸி" என்றான் சந்திரன். "நடக்காட்டியும் பரவால்ல. எனக்கு இவன் இருந்தா போதும்."

"உமக்குப் போதும். அவனுக்குப் போதாது. நீர் எழும்புற நேரமெல்லாம் அவன் வேலை எண்டு நினைச்சு நடுங்குவான். இஞ்ச இருக்கிற வரைக்கும் அவனுக்கு ஓய்வில்லை."

நான் வாசலை மறித்தேன். "கொண்டுவந்து குடுத்ததும் நீங்க, பிடுங்குறதும் நீங்களா? எங்க தலையில ஏன் மிஸி ஏறி எறங்குறீங்க?" என்று கேட்டேன். என் தோளை ஒதுக்கிவிட்டு ராஜாவைக் கூட்டிக்கொண்டு போனார். டெய்ஸி செத்து அப்போது கொஞ்சக் காலம். அந்த இல்லத்திலேயே ராஜாவை விட்டார். இத்தனை வருடம் ஒருத்தரும் தொடக் கூடாது என்று காத்த நாயை, வருகிறவள் போகிறவள் எல்லாம் தடவினார்கள், ஊட்டினார்கள். கொழுத்துப்போனான். என் தம்பியின் கண்ணை எடுத்துக்கொண்டு போய் ஊராருக்குத் தலையணையாகப் போட்டுவிட்டாரே என்று நான் அடுப்படியில் நின்று சாபம் இட்டேன்.

ஒரு தடவை சந்திரன் கேட்டதால் கூட்டிக்கொண்டு போனேன், என் தோளில் அவன் கை. வராந்தாவில் ஒரு கிழவியின் மடியில் தலை வைத்துக் கிடந்த ராஜா, இவன் குரல் கேட்டதும் எழுந்து வந்தான். வந்து இவனுடைய இடது பக்கம் சரியாகத் திரும்பி நின்றான், வேலைக்கு நிற்கிற மாதிரி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தீர்களா, மறக்கவில்லை, வந்துவிடுவான் என்று சொல்ல வாயெடுத்தேன். சந்திரன் குனிந்து அதன் முதுகில் கை வைத்தான். முகம் மாறிவிட்டது.

"அக்கா, நடுங்குறான். நடுங்கிக்கிட்டே வேலைக்கு நிக்கிறான்." கையை எடுத்துக்கொண்டான். "வா, போகலாம். இனி நான் வரக்கூடாது."

அதற்குப் பிறகு அவன் அங்கே போகவில்லை. வேறு எங்கேயும் போகவில்லை. மிஸி இன்னும் இரண்டு நாய்களைப் பழக்கிப் பார்த்தார். ஒன்றை லொறி அடித்தது. மற்றது எல்லோருடைய மடியையும் தேடுகிற பிறவி. கடைக்காரர் கொஞ்சக் காலம் கதிரைகளை வீட்டுக்கு அனுப்பினார், பிறகு நிறுத்திவிட்டார். நான் தோளைக் கொடுத்தேன். "வேணாம்க்கா, தனியா நடந்துட்டேன், இனித் தோள் பிடிச்சு நடக்க வராது" என்றான். சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்தே இருந்தான். வடக்கில் சண்டை முடிவதற்கு முன்னேயே, ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். சாவுக்கு மிஸி வந்தார். நான் கதிரை போடவில்லை. எல்லோரும் போகும்வரைக்கும் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"ஏன் மிஸி எடுத்துட்டுப் போனீங்க?" என்று அன்றும் கேட்டேன்.

"நாய் முடிஞ்சுது எண்டு எனக்குத் தெரிஞ்சுது, பார்வதி. சந்திரன் முடிவான் எண்டு தெரியேல்லை."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்த இத்தனை வருடமும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று, நாய்களை நேசித்த தாய் என்று பாதர் பிரசங்கம் வைத்தார். எல்லோரும் தலையாட்டினீர்கள். என் தம்பி பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. உங்களில் பலருக்கு அப்படி ஒருவன் இருந்தது தெரியாது. பிறகு மடத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். இப்போது அங்கே இருக்கும் மண்ணிற நாய் வந்து என் முழங்காலில் தாடையை வைத்தது. "தொடலாம் அம்மா, அது அதுக்குத்தான் இருக்கு" என்றார் சிஸ்டர். தொட்டேன். சூடாக இருந்தது. அசையாமல் நின்றது. பாரம் இறங்கும் என்கிறார்கள்; எனக்கு இறங்கவில்லை. நாயில் பிழையில்லை. உட்கார்ந்திருக்கிறவர்களிடம் வருகிற நாய் அது. எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது, உட்கார்ந்திருந்தவனை எழுப்பி வெளியே கொண்டுபோகிற நாய். அப்படி ஒன்றை எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒரே ஒருத்தர்தான் உண்டாக்கினார், அதுவும் ஒரே ஒரு தடவை. அவரையும் மண்ணில் வைத்துவிட்டோம். நாளைக்கு இன்னொருவனுக்குக் கண் போனால் அவனுக்குத் தோள்தான்.

மிஸி மேல் எனக்கு இருக்கும் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று சிஸ்டர் கையைப் பிடித்துச் சொன்னார்; செத்தவர்களோடு என்ன வழக்கு என்று மகளும் சொல்கிறாள். அவர்களுக்கு விளங்காது. அந்தக் கோபத்துக்குள்ளேதான் சந்திரன் நடந்துகொண்டிருக்கிறான். அவன் தனியாக எப்படி நடந்தான் என்று மேட்டில் நின்று பார்த்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் ஒருத்தி.